பிடிச்ச மீனை ஏன்டா விட்ட?

2025 ஆவணி முதல் வாரம் அக்கா மகன் ஊருக்கு வந்திருந்தான். இங்கிலாந்துல நாட்டிங்காம்ங்கிற ஊர்ல வேலை, ஒன்பது வருஷமா அங்கதான். வந்த அன்னைக்குச் சாயங்காலமே ஒரு நீளப் பையைத் திண்ணையில சாய்ச்சு வச்சான். கிரிக்கெட் மட்டைன்னு நினைச்சேன். பிரிச்சா தூண்டி! துண்டு துண்டா கழட்டி மாட்டுற மாதிரி, கையில எடுத்தா ஈர்க்குச்சி கனம் கூட இல்லை.

"மாமா, நம்ம காவிரியில ஒரு நாள் பூரா மீன் பிடிக்கணும். கூட இருந்து இடம் காட்டறதுக்கு யாராவது கிடைப்பாங்களா? காசு குடுத்துடறேன்."

என் வீட்டுக்காரி அடுப்படியில இருந்தே சிரிச்சுட்டா. எங்க ஊர்ல தூண்டி போடக் காசு குடுத்து ஆள் கேட்ட முதல் மனுஷன் அவன்தான். இங்க பள்ளிக்கூடம் போகாத பையன் கூட மூங்கில் கழி, தங்கூஸ், முள்ளு மூணையும் வச்சுக்கிட்டு ஆத்தங்கரைக்குப் போயிடுவான். வழி காட்ட என்ன இருக்குன்னு நானும் கேட்டேன்.

அப்பத்தான் அவன் சொன்னான். நாட்டிங்காம் பக்கத்துல டிரென்ட்னு ஒரு ஆறு ஓடுது. அதுல பார்பல்னு ஒரு மீன். நம்ம கெண்டைக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். உருண்டு நீண்ட உடம்பு, வாய் கீழ்ப்பக்கமா இருக்கும், வாயைச் சுத்தி நாலு மீசை. வேகமா ஓடுற தண்ணியில, அடியில சரளைக்கல்லைக் கிளறி மேயும். கையில வந்தா விடாம இழுக்கும், அதுக்காகவே அதைப் பிடிக்க ஆசைப்படுவாங்களாம். சாப்பிட மாட்டாங்க. பிடிச்சு, எடை பார்த்து, போட்டோ எடுத்து, திரும்ப ஆத்துல விட்டுடுவாங்க. இதுக்குன்னே ஆத்தைத் தெரிஞ்ச ஆட்கள் இருக்காங்க. ஒரு நாளைக்குக் கூட நின்னு, எந்த இடத்துல போடணும், என்ன இரை வைக்கணும், மீனை எப்படிப் பிடிச்சு எப்படி விடணும்னு எல்லாத்தையும் சொல்லித் தர்றாங்க. அவன் குடுத்தது நம்ம காசுக்கு இருபதாயிரத்துக்கு மேல. அதில்லாம தூண்டி போட அரசாங்க லைசென்ஸ் தனி.

இருபதாயிரம் ரூபாய் குடுத்து ஒரு மீனைப் பிடிச்சு, அதையும் விட்டுட்டு வந்தவனை என்னன்னு சொல்றது? நான் ஒண்ணும் சொல்லலை. குறுவைக்குப் போட வேண்டிய மேலுரம் மட்டும் மனசுல ஓடுச்சு.

எங்க ஊர்ல தூண்டின்னா ஒருத்தர்தான். நடவு, அறுப்புன்னு எங்க வீட்டு வேலைக்கு வருஷக்கணக்கா வர்ற அண்ணன். வயசு அறுபத்தஞ்சு இருக்கும். 2025-ல நூறு நாள் வேலைக்குப் போனா 336 ரூபாய் கிடைச்சுது, வயல் வேலை இருந்தா கூடக் கொஞ்சம். ரெண்டும் இல்லாத நாள்ல ஆத்தங்கரையில உக்காந்திருப்பார். அவர்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். "காலையில அஞ்சு மணிக்கு வரச் சொல்லுங்க தம்பி. செருப்பு போட்டுக்கிட்டு வர வேணாம்னு சொல்லுங்க"ன்னார். அவ்வளவுதான் பேச்சு.

பட்டணத்துல இருக்கற உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். காவிரின்னா திருச்சியில பார்க்கற அகண்ட காவிரியை நினைச்சுக்காதீங்க. கல்லணையில பிரிஞ்சு, வெண்ணாறு, அரசலாறு, வீரசோழன், மஞ்சளாறுன்னு பங்கு போட்டுக் குடுத்தது போக, மயிலாடுதுறைக்கு வர்ற காவிரி பெரிய வாய்க்கால் மாதிரிதான் இருக்கும். இன்னும் கொஞ்ச தூரம் போனா பூம்புகார், அதோட கடல். ஆனா வழியில அங்கங்க கதவணை இருக்கு. நாங்க சட்ரஸ்னு சொல்வோம். கதவுக்குக் கீழே தண்ணி விழுந்து விழுந்து பள்ளம் பறிச்சிருக்கும். அந்த மடுவுலதான் மீன் நிக்கும்.

நானும் கூடப் போனேன், உரத்தை மறுநாள் பார்த்துக்கலாம்னு.

அண்ணன் எங்களுக்கு முன்னாடியே வந்து வேலையை முடிச்சிருந்தார். தவிடும் கடலைப் புண்ணாக்கும் களிமண்ணோட சேர்த்துப் பிசைஞ்சு, ஆத்துப் பந்து அளவுக்கு நாலு உருண்டை மடுவோட ஓரத்துல போட்டிருந்தார். "இப்ப போடாதீங்க. மீன் வந்து மேய ஆரம்பிக்கட்டும். முதல் அரை மணி நேரம் சும்மா உக்காருங்க." அக்கா மகன் என்னைப் பார்த்து, "மாமா, அங்கயும் இதேதான் சொன்னாங்க, இதே வார்த்தை"ன்னான். அங்க கம்பி வலை மாதிரி ஒரு சின்னக் கூட்டுல விதையும் தீனியும் அடைச்சு அடியில இறக்குவாங்களாம். கூடு வேற, புத்தி ஒண்ணு.

அப்புறம் அண்ணன் காட்டினது எல்லாம் நான் ஐம்பது வருஷமா பார்த்தும் பார்க்காதது. கதவுல இருந்து விழுற தண்ணி வேகமா ஓடுற கோடு ஒண்ணு, அதுக்குப் பக்கத்துல நுரை மெதுவா சுத்துற கோடு ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு முழம் அகலத்துக்குத் தண்ணி வழவழன்னு இருந்துச்சு. "இரை அந்தப் பக்கம் ஓடும், மீன் இந்தப் பக்கம் நிக்கும். நின்ன இடத்துல இருந்து வாயைத் திறந்தா சாப்பாடு. அது என்ன முட்டாளா, ஓடுற தண்ணியில நீந்திக்கிட்டே இருக்க?" செருப்பு ஏன் வேணாம்னு அப்பத்தான் தெரிஞ்சுது. கரை அதிர்ந்தா கெண்டைக்குக் கேட்டுடுமாம். கோதுமை மாவுல கொஞ்சம் பழைய சோத்தைச் சேர்த்துப் பிசைஞ்சு குடுத்தார். "ரொம்ப இறுக்காதீங்க தம்பி. தண்ணியில கரையணும், ஆனா முள்ளுல ரெண்டு நிமிஷம் நிக்கணும்." அந்தப் பதம் அக்கா மகனுக்கு வர ஒரு மணி நேரம் ஆச்சு.

முதல்ல சிலேபி நாலஞ்சு. அப்புறம் ஒரு கெளுத்தி. அதை வெறுங்கையால பிடிக்கப் போய் முள்ளு குத்தி, அரை மணி நேரம் கையை உதறிக்கிட்டு நின்னான். அண்ணன் சொன்னதைக் கேக்கலை, பட்டான். பத்து மணிக்கு மேல வெயில் ஏறிடுச்சு. நான் ஆலமரத்தடியில சாய்ஞ்சுட்டேன்.

"மாமா!"ன்னு சத்தம் கேட்டு எழுந்தா, தூண்டி வில்லா வளைஞ்சு நிக்குது. அண்ணன் பக்கத்துல குத்துக்காலிட்டு உக்காந்து, "விடுங்க... விடுங்க... இப்ப இழுங்க... விடுங்க"ன்னு மெதுவா சொல்லிக்கிட்டே இருக்கார். அஞ்சாறு நிமிஷம் ஆச்சு. கரைக்கு வந்தது ஒரு கெண்டை. ஒண்ணே கால் கிலோ இருக்கும். வெள்ளிக்காசு மாதிரி செதில், வாயோரம் மீசை. வயிறு உப்பியிருந்துச்சு, சினை.

அவன் கையை நனைச்சுக்கிட்டு, முள்ளைக் கழட்டி, மீனைத் தண்ணிக்குள்ளயே ரெண்டு கையிலயும் தாங்கி, தலையை ஓட்டம் வர்ற பக்கம் திருப்பிப் பிடிச்சுக்கிட்டு நின்னான். செவுள் திறந்து மூடுது. ஒரு நிமிஷம் இருக்கும். வாலை ஒரு அடி அடிச்சுது. போயிடுச்சு.

கரையில வேடிக்கை பார்த்துக்கிட்டிருந்த நாலு பேரும் ஒரே குரல்ல, "பிடிச்ச மீனை ஏன்டா விட்ட?"

அண்ணன் ஒண்ணும் பேசலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "விடறதுக்கு எதுக்குத் தம்பி முள்ளு போடணும்? சும்மா உக்காந்து பார்த்துட்டுப் போயிருக்கலாமே"ன்னார். கிண்டல் இல்லை, நிஜமாவே கேட்டார். அக்கா மகனுக்குப் பதில் வரலை. எனக்கும் வரலை. அப்புறம் அவரே, "சினை மீன். விட்டது சரிதான். நானா இருந்தா விட்டிருக்க மாட்டேன்"னு சொல்லிட்டுச் சிரிச்சார்.

இந்த மூணு வார்த்தையும் எனக்கு ஒரு மாசம் மண்டையில ஓடிக்கிட்டிருந்துச்சு. அதைத்தான் எழுத உக்காந்தேன்.

மீனை விடறது புண்ணியம், சாப்பிடறது பாவம்னு பட்டணத்துல இருந்து வர்ற பேச்சு எனக்குப் பிடிக்காது. அதே மாதிரி, கையில சிக்கினதை எல்லாம் சட்டியில போடறதுதான் கிராமத்து நியாயம்னு எங்க ஆளுங்க பேசறதும் பிடிக்கலை. விடறதா, தின்னறதாங்கிறதை ஆறுதான் சொல்லணும்.

டிரென்ட் ஆத்துல வருஷம் பூரா தண்ணி ஓடுது. இன்னைக்கு விட்ட மீன் அடுத்த வருஷமும் அதே வளைவுல நிக்கும், இன்னும் கனத்துப் போயிருக்கும். அதை இன்னொருத்தர் காசு குடுத்து வந்து பிடிப்பார். அங்க விடறதுல அர்த்தம் இருக்கு. எங்க ஆத்துல ஜூன் 12 மேட்டூர் திறக்கணும், ஜனவரி 28 மூடிடும். இது கணக்கு. கணக்குப்படி நடக்கறது அணையில தண்ணி இருக்கற வருஷம்தான். 2022-ல மே 24-ஏ திறந்தாங்க, 2024-ல ஜூலை 28 ஆயிடுச்சு. தை பிறந்து தண்ணி நின்னா, மாசியில ஆறு அங்கங்க குட்டையா நிக்கும். பங்குனியில அதுவும் சேறு. அந்தச் சேத்துல துடிக்கற கெண்டையை விட்டா எங்க போகும்? கொக்குக்குத்தான் போகும். மாசி மாசம் மீனை விடச் சொல்றவங்களுக்கு எங்க ஆறு தெரியாது.

ஆனா புதுத்தண்ணி வர்ற நேரம் வேற. அதை எழுதும்போது என் தப்பையும் எழுதணும். எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயசு இருக்கும்போது, தண்ணி வந்துடுச்சுன்னு கேள்விப்பட்டதும் ஊத்தாவைத் தூக்கிக்கிட்டு மதகுக்கு ஓடுவோம். சினையோட மீன் எதிர்த்தண்ணியில ஏறி வரும். வாய்க்கால் அகலமே ரெண்டு ஆள் நீளம். நாங்க குறுக்க நின்னு அமுக்குவோம். ஒரு மணி நேரத்துல சாக்கு நிறையும். சினைக்குன்னு தனி ருசி, அம்மா தனியா வறுத்துத் தரும். ஒரு மீன் வயித்துல எத்தனை ஆயிரம் முட்டைன்னு யாரும் சொல்லித் தரலை. தெரிஞ்சிருந்தாலும் விட்டிருப்போமான்னு சந்தேகம்தான்.

இங்கிலாந்துல மார்ச் 15-ல இருந்து ஜூன் 15 வரைக்கும் ஆத்துல தூண்டி போடக் கூடாதாம். முட்டை போடற காலம். ஜூன் 16 காலையில அத்தனை பேரும் ஆத்தங்கரைக்கு வந்துடுவாங்களாம், எங்க ஆடிப்பெருக்கு மாதிரி. நம்ம கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், விசைப்படகுக்குத் தடைக்காலம். பூம்புகார்ல, தரங்கம்பாடியில போய்ப் பார்த்தா தெரியும். அந்தக் குடும்பங்களுக்கு அரசாங்கம் நிவாரணமும் தருது. ஆக, ஜூன் 12 எங்களுக்குத் தண்ணி திறக்கற நாள், ஜூன் 14 கடல்ல தடை முடியற நாள், ஜூன் 16 அவங்க ஆத்துல தூண்டி இறங்கற நாள். மூணும் ஒரே வாரம். கடலுக்குக் கட்டுப்பாடு இருக்கு, வெள்ளைக்காரன் ஆத்துக்கு இருக்கு. எங்க ஆத்துல மட்டும் மீன் முட்டை போட ஏறி வர்ற அதே வாரம் ஊரே ஊத்தாவோட நிக்குது. ஊர்க்குளத்துக்காவது ஏலம் இருக்கு, எடுத்தவன் காவல் போடுவான். ஆத்துக்கு யாரும் இல்லை.

யாரும் இல்லாத இடத்துல என்ன நடக்கும்ங்கறதையும் அன்னைக்கே பார்த்தோம். மூணு மணி இருக்கும். மேல் பக்கத்துல ரெண்டு பசங்க இறங்கினாங்க. ஒருத்தன் முதுகுல பேட்டரி, இன்னொருத்தன் கையில வலை. கம்பைத் தண்ணியில விட்டதும் மீன் விறைச்சு மிதக்குது. பெருசை எடுத்துக்கிட்டு நடந்துட்டாங்க. பின்னாடி விரல் நீளக் குஞ்சு எல்லாம் வெள்ளை வயித்தைக் காட்டிக்கிட்டு எங்க பக்கம் மிதந்து வந்துச்சு. அண்ணன் நரம்பைச் சுருட்டிட்டார். "போலாம். இனிமே ஒண்ணும் கடிக்காது." ஆத்துல வெடி போடக் கூடாது, விஷம் கலக்கக் கூடாதுன்னு 1897-லயே சட்டம் போட்டாங்க. அப்ப முதுகுல தூக்கிக்கிட்டு நடக்கற பேட்டரி கிடையாது. சட்டம் இருந்தாலும் எங்க மடுவுக்கு யார் வந்து நிப்பாங்க?

இங்கதான் அக்கா மகன் சொன்ன இன்னொரு கதை எனக்கு உதவுச்சு. இதே காவிரியில, ஒகேனக்கலுக்கு மேல கர்நாடகக் காட்டுக்குள்ள, மாசீர்னு ஒரு பெருங்கெண்டை உண்டு. முதுகுல திமில் வச்ச மாதிரி இருக்கும். 1946-ல கபினி ஆத்துல 120 பவுண்டு மீன் ஒண்ணைத் தூண்டியில பிடிச்சிருக்காங்க, 54 கிலோ. ஒரு நெல் மூட்டை கனம். 1978-ல இங்கிலாந்துல இருந்து வந்த ஒரு கூட்டம் காவிரியில 92 பவுண்டு மீனைப் பிடிச்சதும், உலகம் பூரா இருந்து ஆள் வர ஆரம்பிச்சுது. பீமேஸ்வரி, கலிபோரே, தொட்டமக்களின்னு ஆத்தங்கரையில முகாம் போட்டாங்க. பிடி, எடை போடு, விடு. வழிகாட்டியா இருந்தது யாருன்னு நினைக்கறீங்க? அந்தக் காட்டுக் கிராமத்து ஆட்கள்தான், அதுல முன்னாடி திருட்டுத்தனமா மீன் பிடிச்சவங்களும் உண்டு. செத்த மீனை விட உயிர் மீன்ல காசு அதிகம்னு ஆனதும் அவங்களே காவல் நின்னாங்க.

அப்புறம் அது சரணாலயப் பகுதி, தூண்டி போடறதும் வேட்டைதான்னு சொல்லி நிறுத்திட்டாங்க. சட்டப்படி அது சரியா இருக்கலாம். ஆனா அந்த முகாம்ல 1998-ல இருந்து 2012 வரைக்கும் யார் எந்த மீனை என்ன எடையில பிடிச்சாங்கன்னு நோட்டுல எழுதி வச்சிருந்தாங்க. அந்த நோட்டைப் பார்த்துத்தான், திமில் மீன் குறைஞ்சுக்கிட்டே வருது, வெளியில இருந்து குஞ்சா கொண்டாந்து விட்ட வேற மாசீர் பெருகுதுன்னு ஆராய்ச்சிக்காரங்களுக்கே தெரிஞ்சுது. 2018-லதான் இந்தத் திமில் மீனுக்கு அறிவியல் பேரே சரியா முடிவாச்சு. அதே வருஷம் அழியற நிலையில இருக்கற உயிர்கள் பட்டியல்லயும் சேர்த்துட்டாங்க. பேர் வைக்கற அன்னைக்கே பாடை கட்டின மாதிரி. ஆத்தங்கரையில தினம் உக்காந்து கணக்கு எழுத ஆள் இல்லாம இருந்திருந்தா, அது போனதே தெரிஞ்சிருக்காது.

எங்க கெண்டைக்கு இன்னும் அந்த நிலை இல்லை. ஆனா எங்க ஊர் மடுவுல எத்தனை கெண்டை இருக்குன்னு கேட்டா, தெரிஞ்சவர் அந்த அண்ணன் ஒருத்தர்தான். அவர் நோட்டுல எழுதலை, தலையில வச்சிருக்கார். அவருக்கு அப்புறம்?

அதனால எனக்குத் தோணறது இதுதான். புதுத்தண்ணி எங்க ஊருக்கு வந்த நாள்ல இருந்து நாற்பது நாள், மதகு வாயிலயும் சட்ரஸ் கீழயும் ஊத்தா, வலை, தூண்டி எதுவும் கூடாதுன்னு ஊர்க்கூட்டத்துல வைக்கணும். சாமிக்குக் காப்புக் கட்டினா ஊரே கேக்குது இல்ல? இதையும் கேக்கும். அதுக்கப்புறம் தை வரைக்கும் தூண்டி போடலாம், சினை மீன் வந்தா விட்டுடணும். தண்ணி நின்னப்புறம் குட்டையில மாட்டினதை ஊரார் பிடிச்சுத் தின்னட்டும், அதுல தப்பே இல்லை. சட்ரஸ் மடுவை மட்டும் கோடையில யாரும் இறைக்கக் கூடாது. அதுல நாலு மீன் பிழைச்சாத்தான் அடுத்த வருஷம் ஏற மீன் இருக்கும். இப்ப கரையைக் கட்டறேன், தரையைப் போடறேன்னு வாய்க்காலுக்கெல்லாம் சிமெண்டு பூசறாங்க. தண்ணி கடைமடைக்குச் சீக்கிரம் வருதுதான், விவசாயியா நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா மடுவைத் தூர்த்துப் பூசாதீங்கன்னு கேக்க எனக்கு உரிமை இருக்கு.

பேட்டரிக்காரனை நான் தனியா தடுக்க முடியாது. நீங்க கொஞ்சம் தடுக்கலாம். மயிலாடுதுறைப் பக்கம் வர்றப்ப ரோட்டோரத்துல "ஆத்து மீன்"னு சொல்லி விப்பாங்க. எப்படிப் பிடிச்சதுன்னு ஒரு வார்த்தை கேளுங்க. நானும் கேக்காம வாங்கினவன்தான், அந்த மூணு மணி வரைக்கும்.

சாயங்காலம் அக்கா மகன் அண்ணன் கையில நாலு ஐந்நூறு ரூபாய் நோட்டு வச்சான். அண்ணன் எண்ணிப் பார்த்து வேட்டி மடிப்புல செருகிக்கிட்டு, "அங்க இதுக்கு என்ன தர்றாங்க?"ன்னு கேட்டார். அவன் சொன்னான். அண்ணன் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்ப இது கம்மிதான் தம்பி"ன்னார். மூணு பேரும் சிரிச்சோம். ஆனா அவர் சொன்னது நியாயம். ஒரு ஆத்தையே தலைக்குள்ள வச்சிருக்கற ஆளுக்கு ஒரு நாள் கூலி என்னன்னு நாம இன்னும் முடிவு பண்ணலை.

இப்ப அவர்கிட்ட ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் குடுத்திருக்கேன். எழுதறதுக்கு அவர் பேத்தி, எட்டாவது படிக்கறா. தேதி, மீன், கிலோ, விட்டதா தின்னதா, நாலு கட்டம் போட்டிருக்கா.

ஆடி கடைசியில இருந்து மார்கழி வரைக்கும் யாராவது தூண்டியோட வர்றதா இருந்தா வாங்க. ரெண்டு நாள் முன்னாடி சொல்லிடுங்க, அண்ணனுக்கு அறுப்பு இருக்கும். செருப்பைக் கரையிலயே விட்டுடணும். காலையில அஞ்சு மணிக்கு அவர் உருண்டை போட்டு வச்சிருப்பார். மீனை விடறதா, வீட்டுக்குக் கொண்டு போறதாங்கிறதை அவர்கிட்டயே கேட்டுக்கங்க.